பாட்டில் அவள் என்ன சொல்கிறாள்

மகனே,

நாளைக்கு உனக்குக் கல்யாணம். வாசலில் பந்தல் போடுகிறார்கள். மூங்கில் போதாது என்று உன் அப்பா பந்தல்காரரோடு வாதாடிக்கொண்டிருக்கிறார். நீ மாமரத்தடியில் மெஷினைப் போட்டுக்கொண்டு உன் கல்யாணச் சட்டைக்கு நீயே காலர் தைத்துக்கொண்டிருக்கிறாய். நான் உட்கார்ந்திருக்கும் ஜன்னலிலிருந்து உன் முதுகு தெரிகிறது. எழுந்து நடந்தால் பத்தடி தூரம். அந்தப் பத்தடியை நடக்காமல் இங்கே உட்கார்ந்து காகிதத்தில் எழுதுகிறேன். மற்ற அம்மாக்கள் கல்யாணத்துக்கு முந்தின நாள் மகனைப் பக்கத்தில் உட்கார வைத்துத் தலையைத் தடவிக்கொண்டே எல்லாம் சொல்லிவிடுவார்கள். நீயும் நானும் கையால் பேசிக்கொள்கிறவர்கள். நம் வீட்டுக் கைப்பேச்சில் சோறு உண்டு, பஸ் உண்டு, காய்ச்சல் உண்டு, கோபம் உண்டு, அப்பா வருகிறார் என்பது உண்டு. ஒரு நீளமான கதையை அதில் சொல்ல இன்னும் எனக்குத் தெரியவில்லை. உனக்கு வாசிக்கத் தெரியும், அதனால் எழுதுகிறேன்.

நடக்கப் பழகின புதிதில் வந்த காய்ச்சல் உன் காதைக் கொண்டுபோனதும், சேலத்தில் சிஸ்டர்கள் நடத்தும் பள்ளிக்கூடத்தில் உன்னை விட்டுவிட்டு நானும் உன் அப்பாவும் பஸ்ஸில் காரிமங்கலம் திரும்பியதும் உனக்குத் தெரிந்த கதைகள். நான் சொல்ல வந்தது பாட்டைப் பற்றி. காது கேட்காத மகனுக்குப் பாட்டைப் பற்றி எழுதுகிறாளே என்று யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். நம் இரண்டு பேருக்கும் நடுவில் நடந்த பெரிய பேச்செல்லாம் பாட்டைப் பற்றியதுதான்.

லீவுக்கு நீ வரும்போதெல்லாம் டெண்ட் கொட்டாய்க்குப் படம் பார்க்கப் போவோம். டிக்கெட் கிழிக்கிறவர் ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏம்மா, காது கேக்காத பையனுக்கு எதுக்குக் காசக் குடுத்து டிக்கெட்டு வாங்குறீங்க? வெளிய வெளையாட உட்டுட்டு வாங்க, நான் பாத்துக்கறேன்" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். "அவந்தாங்க படம் பாக்க வந்தவன், நான் தொணைக்கு வந்தவ" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். உனக்குப் படத்தில் பாட்டுத்தான் பிடிக்கும். வசனம் வந்தால் கொட்டாவி விடுவாய், மணலில் கோடு கிழிப்பாய். பாட்டு வந்ததும் நிமிர்ந்து உட்காருவாய். அது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது. வசனத்தில் ஆட்கள் நின்ற இடத்தில் நின்று வாயை மட்டும் அசைக்கிறார்கள். பாட்டில்தான் கை பேசுகிறது, தோள் பேசுகிறது, கால் பேசுகிறது. உன் மொழிக்குக் கொஞ்சமாவது பக்கத்தில் வருவது பாட்டுத்தான்.

ஹீரோக்களுக்கு நீ வைத்த பெயர்களை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. ஒருவருக்கு மூக்கின் மேல் இரண்டு விரல், கண்ணாடிக்காரர். ஒருவருக்குக் கழுத்தைச் சுற்றி ஒரு முடிச்சு. ஒருவர் ஓடும்போது முழங்கை வெளியே போகும், அவருக்கு முழங்கை. அவர்கள் பாட ஆரம்பித்ததும் என் முழங்கையை இடிப்பாய். என்ன சொல்கிறான் என்று கேட்பாய். திரை வெளிச்சத்தில் என் கை தெரிகிற மாதிரி திரும்பி உட்கார்ந்து சொல்லுவேன். மார்பில் தட்டி 'நான்' என்பேன். பிடரியைக் காட்டிச் சிங்கம். வயிற்றைத் தொட்டு, ஏழைகளுக்குச் சோறு போடுவேன் என்கிறான். இப்படி முதல் பாட்டு முழுக்க அவர் தன்னைப் பற்றியே பாடுவார். நானும் சலிக்காமல் மார்பில் தட்டிக்கொண்டே இருப்பேன். பின்னால் காதல் பாட்டு வரும். நீ நிலா என்கிறான், நீ பூ என்கிறான், நீ இல்லாமல் சோறு இறங்கவில்லை என்கிறான். அதையும் சொல்லுவேன். அவள் பாட ஆரம்பித்தால் கைக்கு ஓய்வு கொடுப்பேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொள்வேன். நீயும் அப்போது கேட்க மாட்டாய். அவள் எப்படியும் பின்னால் ஓடி வருகிறவள்தானே என்று நம் இரண்டு பேருக்கும் ஒரு நினைப்பு.

பள்ளிக்கூடம் முடிந்து வந்து நீ கடைவீதி டெய்லர் மாஸ்டரிடம் சேர்ந்தாய். பட்டன் ஓட்டைக்குக் காஜா எடுக்கப் போனவன், மறு தீபாவளிக்குள் கத்தரியைப் பிடித்துவிட்டாய். பஞ்சாயத்து ஆபீசுக்கு டிவி வந்ததும் அப்போதுதான். வெள்ளிக்கிழமை சாயந்திரம் பாட்டுப் போடுவார்கள், ஊரே அங்கே இருக்கும். காற்றடித்து ஆன்டெனா திரும்பினால் பெங்களூர் வந்துவிடும், கன்னடப் பாட்டு ஓடும். எல்லோரும் சத்தம் போட்டுவிட்டுப் பீடி பிடிக்க எழுந்து போவார்கள். நீ மட்டும் உட்கார்ந்திருப்பாய். உனக்குக் கன்னட ஹீரோவும் தமிழ் ஹீரோவும் ஒன்றுதான். மறுநாள் இளவட்டங்கள் கடைக்கு வந்து, "மாஸ்டர், நேத்துப் பாட்டுல போட்டுக்கிட்டு வந்தாரே, அந்த மாதிரி வேணும்" என்றால் மாஸ்டர் உன்னைக் காட்டுவார். நீ சாக்கட்டியால் பலகையில் வரைவாய். தோளில் பட்டி, இரண்டு பாக்கெட்டு, பாக்கெட்டு மூடிக்கு ஒரு பட்டன். "இதேதான், இதேதான்" என்பார்கள். கம்பைநல்லூரிலிருந்தெல்லாம் பஸ் ஏறி வந்தார்கள். நான் சந்தைக்குப் போகும்போது தெருவில் ஹீரோ சட்டை போட்டு எவன் எதிரே வந்தாலும் அவன் முகத்தைப் பார்க்க மாட்டேன், தையலைப் பார்ப்பேன். என் மகன் அடித்தது என்று தெரிந்தால் அந்தப் பையனையே எனக்குப் பிடித்துவிடும்.

சாந்தி விஷயத்தை எழுதாமல் விடலாம் என்று முதலில் நினைத்தேன். கல்யாணத்துக்கு முந்தின நாள் எதற்கு என்று தோன்றியது. ஆனால் உன்னைப் பற்றி நான் பெருமைப்படுவது அந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறது. அதனால் எழுதுகிறேன்.

உன் கடைக்கு எதிரே இருந்த டைப்ரைட்டிங் கிளாசுக்கு வந்துகொண்டிருந்த பெண் அவள். பக்கத்து ஊர்க் குடியானவர் வீட்டுப் பெண், ரெட்டைச் சடை, கையில் எப்போதும் ஒரு குடை. நீ மெஷினில் உட்கார்ந்தபடி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாய் என்று மாஸ்டர் பிற்பாடு சொன்னார். அந்த வயதில் பார்ப்பது ஒன்றும் பெரிய குற்றமில்லை. ஒருநாள் மத்தியானம் கடையை விட்டு இறங்கி, அவள் போகிற வழியில் போய் நின்றாய். அவள் இடது பக்கம் ஒதுங்கினால் நீ இடது பக்கம், வலது பக்கம் ஒதுங்கினால் வலது பக்கம். தலைமுடியை ஒதுக்கிவிட்டாய். அவள் கையிலிருந்த குடையைப் பிடுங்கி விரித்து, தோளில் சாய்த்துச் சுழற்றினாய். பாட்டில் அதற்கு அடுத்தபடி அவள் சிரிக்க வேண்டும். சாந்தி குடையை விட்டுவிட்டு அழுதுகொண்டே பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஓடினாள். நீ குடையோடு நடுரோட்டில் நின்றாய்.

சாயந்திரம் அவள் அண்ணனும் இன்னும் இரண்டு பேரும் கடைக்கு வந்து உன் சட்டையைப் பிடித்தார்கள். ஒரு அறை விழுந்தது. நானும் அப்பாவும் ஓடி வந்தோம். அப்பா கையெடுத்துக் கும்பிட்டார்.

"வாயில்லாத புள்ளைங்க. அவனுக்கு என்னாங்க தெரியும்? எங்க மொகத்துக்காக வுட்டுடுங்க" என்றார்.

அண்ணன்காரன் கையை எடுத்துவிட்டான். "ஊமைப் பையனா? சொல்லவேயில்லையே யாரும். போவட்டும் வுடுங்க பெரியவரே. அதுக்கு நல்லது கெட்டது என்னா தெரியப்போவுது" என்றான். போகும்போது உன் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனான். எல்லோருக்கும் நிம்மதி, எனக்கும்தான்.

உனக்கு மட்டும் நிம்மதி இல்லை. அறைந்தபோது அசையாமல் நின்ற நீ, அவன் தட்டிக் கொடுத்தபோது தோளைச் சுருக்கிக்கொண்டாய். வீட்டுக்கு வந்ததும் என்னைக் கேட்டாய்: என்ன சொன்னார்கள்? ஒன்றுமில்லை என்றேன். விடவில்லை, என் தாடையைப் பிடித்துத் திருப்பிக் கேட்டாய். சொன்னேன். உனக்குக் காது கேட்காது, அதனால் தெரியாமல் செய்துவிட்டாய், அதனால் மன்னித்துவிட்டார்கள். உன் முகம் கறுத்ததை நான் மறக்கவில்லை. மார்பில் ஓங்கித் தட்டினாய். நான், நான் என்றாய். என் காது இல்லை, நான் செய்தேன் என்றாய். அப்பா வாசலில் நின்று பார்த்துவிட்டு, "என்னாங்கிறான்?" என்று கேட்டார். "மன்னிப்பு வேணாங்கிறான்" என்றேன். "கிறுக்குப் பய" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறிக்கொண்டு மாட்டைக் கட்டப் போனார். ஆனால் அன்றைக்கு அப்பா சாப்பிடும்போது உன்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வெள்ளிக்கிழமை பஞ்சாயத்து டிவிக்குப் போனோம். வர மாட்டாய் என்று நினைத்தேன், நீதான் என்னை இழுத்துக்கொண்டு போனாய். முதல் பாட்டே அப்படி ஒரு பாட்டு. கண்ணாடிக்காரர் ஒரு பெண்ணைத் துரத்துகிறார், அவள் ஓடுகிறாள், சேலை நுனியைப் பிடிக்கிறார். நான் பழக்கத்தில் கையைத் தூக்கினேன். நீ என் கையை அமுக்கிவிட்டு அவளைக் காட்டினாய். அவள் என்ன சொல்கிறாள்?

முதல்முறையாக நான் அவள் பாடுவதைக் கவனித்தேன். பாட்டு முழுக்க அவள் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். வழியை விடு என்கிறாள். என் அண்ணன் பார்த்தால் வெட்டிப் போடுவான் என்கிறாள். கையை எடு என்கிறாள். நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். உன் கண் திரையிலும் என் கையிலுமாக மாறி மாறிப் போய் வந்தது. பாட்டு முடிகிறபோது அவள் சிரித்து அவர் மார்பில் சாய்ந்தாள். நீ என் பக்கம் திரும்பினாய். கையை எடு என்று சொன்னவள் ஏன் சிரிக்கிறாள் என்று கேட்டாய்.

மகனே, சர்ச்சில் ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்தவள் நான். அப்படி ஒரு கேள்வி என்னிடம் யாரும் கேட்டதில்லை. யோசித்துத்தான் சொன்னேன். அவளைச் சிரிக்கச் சொல்லியிருக்கிறார்கள், சம்பளம் வாங்கிக்கொண்டு சிரிக்கிறாள் என்றேன். சாந்தியை யாரும் சிரிக்கச் சொல்லவில்லை என்றேன். அதற்குள் காற்றடித்துப் பெங்களூர் வந்துவிட்டது. ஆட்கள் எழுந்து போனார்கள். நாம் இரண்டு பேரும் உட்கார்ந்து ஒரு கன்னடப் பாட்டைப் பார்த்தோம். ஒரு வார்த்தை எனக்குப் புரியவில்லை. அவன் துரத்தினான், அவள் முகத்தைச் சுளித்தாள், அவன் பிடித்தான், அவள் சிரித்தாள். அதைத் தவிர அதில் ஒன்றுமே இல்லை. உன் கண்ணால் பாட்டுப் பார்த்தால் இப்படித்தான் இருக்கும் என்று அப்போது தெரிந்துகொண்டேன். இத்தனை வருஷம் உனக்குப் பாதிப் பாட்டைத்தான் சொல்லியிருக்கிறேன் என்பதும் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவர்கள் வீட்டுக்குப் போக வேண்டும் என்றாய். அப்பா வரவில்லை. தீர்ந்துபோன சண்டையை யாராவது திறப்பார்களா என்று கேட்டார். நீயும் நானும் போனோம். துவரைக் காட்டு ஓரமாக நடந்து போகும்போது நீ இரண்டு தடவை நின்றாய், திரும்பிவிடலாமா என்று கேட்டேன். தலையாட்டி மறுத்தாய். அவர்கள் வாசலில் நாய் குரைத்தது. அண்ணன்காரன் வெளியே வந்து, "அதான் முடிஞ்சிருச்சே, திரும்ப எதுக்கும்மா இவ்ளோ தூரம் வந்தீங்க?" என்றான். நீ எழுதி வைத்திருந்த காகிதத்தைப் பையிலிருந்து எடுத்தாய். அவன் கை நீட்டினான். நீ கொடுக்கவில்லை. உள்ளே கதவோரம் நின்றவளைக் காட்டினாய்.

சாந்தி வந்து வாங்கி, வாய்விட்டே வாசித்தாள். "நான் உன் வழியை மறித்தேன். தெரிந்து செய்தேன். என் காது மேல் பழி போடாதீர்கள். தப்பு என்னுடையது. குடை இதோ."

அண்ணன் நாயை அதட்டினான். "சரி சரி, பாவம், வுடு சாந்தி" என்றான்.

"நீ சும்மாரு அண்ணா. எங்கிட்டதான சொல்றான்" என்றாள் அவள். உன் எதிரே வந்து நின்று, நீ உதட்டைப் படிக்கிற மாதிரி நிதானமாகப் பேசினாள். யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியாது. "நான் பயந்துட்டேன். மூணு நாளா கிளாசுக்குப் போவலை. பரீச்சை வருது. நாளைலேந்து நான் அந்த வழியா வருவேன். நீ உன் வேலையப் பாரு. எம் பக்கம் பாக்காத."

நீ தலையசைத்தாய். அவள் குடையை வாங்கிக்கொண்டாள். சிரிக்கவில்லை. அவள் ஏன் சிரிக்க வேண்டும்? திரும்பி வரும்போது நீ ஓரிடத்திலும் நிற்கவில்லை.

மறுநாள் நான் கடைப் பக்கம் போனபோது தெருவைப் பார்த்திருந்த உன் மெஷின் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. "வெளிச்சம் வேணாமாம்மா உங்க பையனுக்கு? செவுத்தப் பாத்துக்கிட்டுத் தைக்கிறான், எவ்ளோ சொன்னாலும் கேக்க மாட்டேங்குறான்" என்று மாஸ்டர் குறைப்பட்டார். சாந்தி பரீச்சை எழுதி முடித்துக் கிளாசை விட்டு நின்ற வரைக்கும் அந்த மெஷின் அப்படியே இருந்தது. இதை நீ என்னிடம் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் மட்டும் சொன்னேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்தவர், "எனக்கு அந்த வயசுல இந்தப் புத்தி இல்ல" என்றார். உன் அப்பாவைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய வார்த்தை என்று தெரியும்.

அதற்காக ஹீரோக்களை நீ வெறுத்துவிடவில்லை. அதிலும் எனக்குச் சந்தோஷம்தான். சட்டையைப் பார்த்தாய், நடையைப் பார்த்தாய், பத்து பேரைத் தனியாளாக அடிக்கிறதைப் பார்த்துக் கை தட்டினாய். ஆனால் ஒவ்வொரு பாட்டிலும் அவள் வாய் அசையும்போது என் முழங்கையை இடித்தாய். பக்கத்தில் உட்கார்ந்த பெண்டுகள்கூட, "உங்களாலதான் அக்கா நாங்களும் அவ என்னா பாடுறான்னு கவனிக்கிறோம்" என்று சொல்ல ஆரம்பித்தார்கள்.

இந்த வருஷம் ரீத்தா வீட்டுக்குப் பெண் பார்க்கப் போனோம். உன் பள்ளிக்கூடத்தில் உனக்குக் கீழ் வகுப்பில் படித்தவள், உன்னைப் போலவே காது கேட்காதவள், இப்போது அதே பள்ளிக்கூட விடுதியில் சின்னக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவள். பொம்மிடி ஸ்டேஷனிலிருந்து அவர்கள் வீட்டுக்கு நடந்தோம். மிக்சர், காப்பி எல்லாம் ஆனது. அவள் அப்பா, "பொண்ணுக்கு என்னாங்க, நாங்க சரின்னா அதுக்கும் சரிதான்" என்றார். நீ எழுந்து அவள் எதிரே போய் உட்கார்ந்தாய். உங்கள் இரண்டு பேர் கையும் ஓட ஆரம்பித்தன. உங்கள் பள்ளிக்கூடத்துப் பேச்சு எவ்வளவு வேகம் என்று அன்றைக்குத்தான் முழுசாகப் பார்த்தேன். எனக்குப் பாதிகூடப் பிடிபடவில்லை. என் மகன் இவ்வளவு பேசுகிறவனா என்று உட்கார்ந்திருந்தேன்.

"என்னாங்கிறா?" என்று அப்பா கேட்டார். நீ எனக்குச் சொல்ல, நான் சபைக்குச் சொன்னேன். "யோசிக்கணுமாம். ஒரு வாரம் வேணுமாம்."

பெரியவர்கள் முகம் மாறியது. "வந்தவங்கள இப்பிடி அனுப்புறது மொறையா?" என்று உன் பெரியப்பா வழியெல்லாம் முனகினார். நீ ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே வந்தாய். எதற்குச் சிரிப்பு என்றேன். நான் கேட்டேன், அவள் யோசிக்கிறாள் என்று சொன்னாய். அவள் உடனே சரி என்று சொல்லியிருந்தால்கூட உனக்கு அந்தச் சந்தோஷம் இருந்திருக்காது.

ஒரு வாரம் கழித்துச் சந்தை நாளில் அவளே தன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு உன் கடைக்கு வந்தாள். நீ தைப்பதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். சம்மதம், ஆனால் விடுதி வேலையை விட மாட்டேன் என்றாள். நீ சேலத்தில் கடை பார்க்கிறேன் என்றாய். அப்புறம் என்னைப் பற்றி, உன் அம்மாவுக்கு நம் பேச்சு தெரியவில்லையே, நானே கற்றுக்கொடுக்கட்டுமா என்று கேட்டாளாம். நீ அதை எனக்குச் சொன்னபோது நான் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன். அந்தச் சாக்கில் அழுதேன். அதிலிருந்து ஞாயிறுதோறும் அவள்தான் எனக்கு வாத்தியார். இப்போதைக்குச் 'சந்தேகம்', 'நம்பிக்கை', 'போன வருஷம்' வரைக்கும் வந்திருக்கிறேன்.

உனக்குப் புத்தி சொல்ல வேண்டும் என்றுதான் காகிதத்தை எடுத்தேன். எழுதிப் பார்த்தால் நான் சொல்ல நினைத்ததையெல்லாம் நீயே செய்திருக்கிறாய். ஒன்றே ஒன்று சொல்கிறேன். கல்யாணமான ஆண் கொஞ்ச நாளில் பெண்டாட்டிக்கு என்ன வேண்டும் என்று தனக்கே தெரியும் என்று நினைக்க ஆரம்பித்துவிடுவான். உன் அப்பா நினைத்தார், நானும் வெகுகாலம் விட்டுவிட்டேன். நீ கிழவனான பிறகும் கேள். அவள் சொல்கிறவரைக்கும் இரு.

நேற்றுக் கோயிலில் நடந்ததை எழுதி முடிக்கிறேன், பந்தல் போடுகிறவர்களுக்குக் காப்பி போட வேண்டும். பீடத்துக்கு முன்னால் எப்படி நிற்பது, எப்போது மோதிரம் போடுவது என்று ஃபாதர் உங்கள் இருவருக்கும் சொல்லிக்கொடுத்தார். சம்மதம் கேட்கிற இடம் வந்தது. "மொதல்ல மாப்பிள்ளையக் கேப்பேன். நீ கைய ஒசத்தி சம்மதம்னு காட்டணும். அப்புறம் பொண்ணு" என்றார். நான் உனக்குச் சொன்னேன். நீ மறுத்துத் தலையாட்டிவிட்டு ஒன்று சொன்னாய். சொல்லட்டுமா வேண்டாமா என்று தயங்கித்தான் சொன்னேன். "அவளை மொதல்ல கேளுங்கங்கிறான் ஃபாதர்."

"அது மொறை இல்லீங்களே" என்றார் ஃபாதர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். புத்தகத்தைப் புரட்டினார். "சரி, பொண்ணு என்னா சொல்லுது?"

ரீத்தா உன்னை ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம் ஃபாதர் பக்கம் திரும்பிக் கையால் சொன்னாள். அவள் சொன்னது முழுக்க எனக்கே புரிந்தது. உன் உதவி இல்லாமல் நானே எடுத்துச் சொன்னேன்.

"நான் சம்மதம்னு சொல்லிடறேன் ஃபாதர். அவரு வேணும்னா ஒரு வாரம் யோசிக்கட்டும்."

ஃபாதர் சிரித்த சிரிப்பில் கோயில் புறாக்கள் பறந்தன. உன் அப்பா, நான் எடுத்துச் சொன்னதைக் கேட்டு, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். நாளைக் காலையில் முதலில் அவளைத்தான் கேட்கப் போகிறார்கள். இந்தக் கோயிலில் இதுவரை யாருக்கும் அப்படி நடந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. நான் முன் வரிசையில் உட்கார்ந்திருப்பேன். பக்கத்தில் யாராவது ஏன் என்று கேட்டால், மாப்பிள்ளை அப்படிக் கேட்டார், அவர் என் மகன் என்று சொல்லுவேன்.

உன் அம்மா